கொடி இறங்கிய பின்னும் நிற்கும் ஒப்பந்தம்: தேசியத் தொன்மமும் நிறுவனப் பேரரசும்

பிற நாட்டு மக்களின் நிலத்தையும் உழைப்பையும் அவர்களுடைய இசைவின்றித் தன் நலனுக்காகக் கையாளும் ஓர் அரசு, அச்செயலைத் தன் சொந்தக் குடிமக்களிடம் எவ்வாறு நியாயப்படுத்துகிறது என்னும் கேள்வி ஏகாதிபத்திய ஆய்வுகளில் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. படைபலம், வணிக லாபம், மூலப்பொருள் தேவை ஆகியவை குறித்து எழுதப்பட்டவை ஏராளம். எனினும், தம்மை விடுதலையின் வாரிசுகள் என்று உண்மையாகவே நம்பும் மக்கள், தம் பெயரால் இன்னொரு நாட்டின் விடுதலை பறிக்கப்படும்போது அதைப் பறிப்பு என்று உணராதிருப்பது எப்படி என்பதை அவை விளக்கிவிடுவதில்லை. 1776-இல் ஒரு பேரரசை எதிர்த்துப் பிறந்து, ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் தானே கடல் கடந்த பேரரசாகி, இன்று ஆளுநரும் கொடியும் இல்லாமலேயே ஒப்பந்தங்களின் வழியாகச் செயல்படும் உலக ஒழுங்கு ஒன்றின் நடுவில் நிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு, இக்கேள்வியை ஆராய மிகப் பொருத்தமான களமாகும்.

தேசியத் தொன்மம் என்பது இங்கே பொய்க்கதை என்ற பொருளில் ஆளப்படவில்லை. ஒரு நாட்டு மக்கள் தம் தோற்றத்தையும் பண்பையும் கடமையையும் பற்றித் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும், உண்மைகள் பலவற்றைக் கொண்டும் சிலவற்றை மறைத்தும் கட்டப்பட்ட, கேள்விக்கு உட்படுத்தப்படாத விளக்கமே தேசியத் தொன்மம். அது தொன்மையானது என்ற தோற்றத்தைக் கொண்டிருந்தாலும், பெரும்பாலும் பிற்காலத் தேவைகளுக்காக உருவாக்கப்படுவது. 1630-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தலைவர் ஜான் வின்த்ராப் நிகழ்த்தியதாகக் கருதப்படும் அறவுரை இதற்குத் தக்க சான்று. குன்றின்மேல் அமைந்த நகரம் என்னும் விவிலிய உருவகத்தைக் கையாளும் அவ்வுரை, உலகுக்கே முன்மாதிரியாக விளங்கும் நாடு அமெரிக்கா என்ற எண்ணத்தின் ஊற்றுக்கண்ணாக இன்று போற்றப்படுகிறது. ஆனால் அது முதன்முதலில் அச்சேறியது 1838-இல்தான். நாட்டை நிறுவியவர்கள் என்று கொண்டாடப்படும் தலைமுறை அறியாத ஓர் உரை, கென்னடியும் ரீகனும் எடுத்தாண்ட இருபதாம் நூற்றாண்டில் நாட்டின் தோற்ற ஆவணமாக உயர்த்தப்பட்டது. உலகெங்கும் படைத்தளங்களை நிறுவிய காலத்தில்தான் ஒரு நாட்டுக்கு இத்தகைய மூலக்கதை தேவைப்பட்டது என்பது தற்செயலன்று.

இத்தொன்மத்தின் செயல்முறையை அறிய, அதனால் முதலில் இடம்பெயர்க்கப்பட்டவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். செரோக்கி மக்கள் ‘நாகரிகமடையாதவர்கள்’ என்பதால் அவர்களுடைய நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்கு உரியது என்று வாதிடப்பட்ட அதே காலத்தில், அம்மக்கள் சீக்வோயா வகுத்த தம் சொந்த எழுத்து முறையில் எழுதிக்கொண்டிருந்தனர். 1827-இல் எழுத்து வடிவில் அரசியல் சட்டம் இயற்றினர். 1828-இல் செய்தித்தாள் நடத்தத் தொடங்கினர். உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 1832-இல் வெற்றியும் பெற்றனர். நாகரிகம் என்று எவையெல்லாம் கேட்கப்பட்டனவோ அவை அனைத்தும் அவர்களிடம் இருந்தன. எனினும் ஜார்ஜியாவில் அவர்களுடைய நிலத்தில் பொன் கிடைத்திருந்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. 1838-39-இல் ஏறத்தாழ 16,000 பேர் மேற்கே துரத்தப்பட்டனர். அவர்களில் 4,000 பேர் வரை மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஏழாண்டுகள் கழித்து, 1845-இல், ஜான் ஓ’சல்லிவன் என்னும் இதழாசிரியர், கண்டம் முழுவதும் பரவுவது இறைவன் அமெரிக்கர்களுக்கு விதித்த வெளிப்படையான ஊழ் என்று எழுதினார். அடுத்த ஆண்டே தொடங்கிய போரில் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் பாதியளவை இழந்தது. ஊழ் என்று ஒரு செயலைக் குறித்துவிட்டால் அதைச் செய்தவர் எவர் என்ற கேள்வியே எழாமற் போகிறது. பேரரசுக்குத் தொன்மம் ஆற்றும் முதற்பணி இதுவே.

கண்டத்தில் இனிக் குடியேறத் திறந்த எல்லைப்புறம் இல்லை என்று 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிவித்ததை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்கப் பண்பையே வடித்தது அந்த எல்லைப்புறம்தான் என்ற தம் புகழ்பெற்ற ஆய்வுரையை வரலாற்றாசிரியர் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் சிகாகோவில் படித்தது 1893-இல். அதே ஆண்டு சனவரி 17 அன்று, பசிபிக் கடலின் நடுவே ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. அரசி லிலியுகலானியை அகற்றியவர்கள் பெரும்பாலும் அமெரிக்க வழிவந்த கரும்புத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் வழக்கறிஞர்களுமாவர். அவர்களுக்குத் துணையாக, அமெரிக்கத் தூதர் ஜான் ஸ்டீவன்ஸின் ஒப்புதலுடன், துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலிலிருந்து கடற்படையினர் 162 பேர் ஹொனலூலுவில் இறக்கப்பட்டிருந்தனர். இந்தக் கவிழ்ப்புக்கு உடனடிப் பொருளியல் காரணம் ஒன்று உண்டு. 1875-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஹவாய்ச் சர்க்கரை சுங்கமின்றி அமெரிக்கச் சந்தைக்குள் சென்றுவந்தது. 1890-இல் இயற்றப்பட்ட மெக்கின்லி சுங்கச் சட்டம் எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் சுங்கத்தை நீக்கியதோடு, உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 2 சென்ட் ஊக்கத்தொகையும் வழங்கியது. ஹவாய் வேற்று நாடாக இருக்கும்வரை அத்தொகை அங்குள்ள தோட்டங்களுக்குக் கிடைக்காது. அமெரிக்காவின் பகுதியாகிவிட்டால் கிடைக்கும். ஒரு முடியாட்சியின் கதை இந்தக் கணக்கில் முடிந்தது என்று சொன்னால் அது மிகைப்படுத்தலாகாது. தம் அரசியல் அதிகாரத்தை மீட்க அரசி புதிய அரசியல் சட்டம் கொண்டுவர முயன்றது உடனடித் தூண்டுதலாக அமைந்தது.

இந்நிகழ்ச்சியை விசாரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து ஒருவரை அனுப்பினார் என்பதும், அறிக்கையைப் படித்தபின் அக்கவிழ்ப்பை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை. 1897-இல் இணைப்புக்கு எதிராக 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குச் சென்றது. ஹவாய்ப் பூர்வகுடி மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 40,000 மட்டுமே என்பதை எண்ணிப் பார்த்தால் அம்மனுவின் எடை விளங்கும். உடன்படிக்கைக்குத் தேவையான மூன்றில் இரு பங்கு வாக்கு செனட்டில் கிடைக்காததால், 1898 சூலையில் எளிய பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஹவாய் இணைக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பு அறியப்படாமல் இல்லை. அறியப்பட்டு, சட்ட நடைமுறை ஒன்றினால் சுற்றிக் கடக்கப்பட்டது. 1993-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்காக முறைப்படி வருத்தம் தெரிவித்தது. அவ்வருத்தத்தால் நிலம் எதுவும் திரும்பவில்லை.

அதே 1898-இல் ஸ்பெயினுடனான போர் முடிந்து, பாரிஸ் உடன்படிக்கையின்படி 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸ் கைமாறியது. விடுதலைக்காக ஸ்பெயினை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த பிலிப்பினோக்களிடம் எவரும் கேட்கவில்லை. அன்புவழி இணைத்துக்கொள்ளல் என்று குடியரசுத் தலைவர் மெக்கின்லி அறிவித்த அக்கொள்கையைத் தொடர்ந்த போரில், பஞ்சமும் நோயும் சேர்த்து 2 லட்சம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று அமெரிக்க அரசின் வெளியீடுகளே குறிக்கின்றன. புதிதாகக் கிடைத்த தீவுகள், ஐக்கிய நாடுகளுக்கு உரியவை, ஆனால் அதன் பகுதி ஆகாதவை என்ற விளக்கத்தை 1901 முதல் வந்த தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் ஏற்படுத்தித் தந்தது. அத்தீவுகளில் ஒன்றான புவேர்த்தோ ரிகோவில் வாழும் அமெரிக்கக் குடிமக்கள் இன்றும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாமலிருப்பது அவ்விளக்கத்தின் எச்சம். இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றை எதிர்த்து 1898-இல் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம், மார்க் டுவெயின் பின்னர் துணைத் தலைவராக விளங்கிய அமைப்பு, 1776-இன் விடுதலை அறிக்கையையே தன் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டது. தேசியத் தொன்மம் பேரரசின் கண்களை மறைப்பதைப் போலவே, பேரரசைக் குற்றஞ்சாட்டவும் சொற்களைத் தருகிறது. அதைப் பயன்படுத்துவோர் எவர் என்பதே வேறுபாடு.

நாட்டை இணைத்துக்கொள்வதில் செலவும் பழியும் உண்டு. இணைக்காமலேயே ஆளும் முறை, நடு அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் முழுமை பெற்றது. அதை விரிவாக நோக்குவது இவ்வுரைக்கு இன்றியமையாதது.

1899-இல் உருவான யுனைடெட் ஃபுரூட் கம்பெனி, குவாத்தமாலாவில் நில உரிமையாளர் என்ற நிலையைப் பல மடங்கு கடந்து வளர்ந்தது. நாட்டின் இருப்புப் பாதை அதன் சார்பு நிறுவனத்திடம் இருந்தது. அட்லாண்டிக் கரையின் முதன்மைத் துறைமுகமான புவேர்த்தோ பாரியோஸ் அதன் கட்டுப்பாட்டில் இருந்தது. சரக்கு ஏற்றிச் சென்ற கப்பல்களும் அதனுடையவையே. குவாத்தமாலாவின் காபி விவசாயி தன் விளைச்சலை விற்க வேண்டுமானால் அந்நிறுவனத்தின் தண்டவாளத்தில், அது குறித்த கட்டணத்தில், அதன் துறைமுகத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும். சர்வாதிகாரி ஹோர்கே உபிகோ 1936-இல் அந்நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் 99 ஆண்டுகளுக்கானது, வரிவிலக்குகள் நிறைந்தது. சென்னையின் வாசகருக்குக் கம்பெனி ஆட்சி புதிதன்று. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்தப் படையை வைத்துக்கொள்ளவும் வரி வசூலிக்கவும் வேண்டியிருந்தது. யுனைடெட் ஃபுரூட் கம்பெனிக்கு அவை தேவைப்படவில்லை. உள்நாட்டு அரசின் காவல்துறையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

1944-இல் உபிகோவின் ஆட்சி வீழ்ந்தபின் நடந்த தேர்தலில் பேராசிரியர் ஹுவான் ஹோசே அரெவலோவும், அவருக்குப் பின் 1950-இல் ஹகோபோ ஆர்பென்ஸும் வெற்றி பெற்றனர். நாட்டின் விளைநிலத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம் குவிந்திருந்த நிலையில், 1952 சூன் 17 அன்று ஆணை 900 என்னும் நிலச்சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. பெரும் பண்ணைகளில் பயிரிடப்படாமல் கிடந்த நிலத்தை மட்டுமே அது எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக 3 விழுக்காடு வட்டியுடன் 25 ஆண்டுக் கடன் பத்திரங்கள் வழங்கியது. ஆர்பென்ஸின் சொந்த நிலமும் அதற்குத் தப்பவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்கள் நிலம் பெற்றன. யுனைடெட் ஃபுரூட் கம்பெனி தன் நிலத்தில் பெரும்பகுதியைத் தரிசாகவே வைத்திருந்ததால் சட்டம் அதைக் கடுமையாகத் தொட்டது. இழப்பீட்டுத் தொகை, நில உரிமையாளர் வரிக்காகத் தாமே அறிவித்திருந்த மதிப்பின்படி கணக்கிடப்பட்டது. வரி குறையவேண்டும் என்பதற்காக அந்நிறுவனம் பல ஆண்டுகளாக மதிப்பைக் குறைத்தே காட்டி வந்திருந்தது. அதனால் குவாத்தமாலா அளிக்க முன்வந்த தொகை ஏறத்தாழ 6 லட்சம் டாலர். அந்நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது ஏறத்தாழ 1 கோடியே 58 லட்சம் டாலர். ஒரு தனியார் நிறுவனத்தின் கோரிக்கைச் சீட்டை ஒரு வல்லரசின் வெளியுறவுத் துறை கொண்டுவந்து நீட்டியது என்ற ஒன்றே, எல்லை எங்கே அழிந்துவிட்டது என்பதைக் காட்டப் போதுமானது.

வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்னர்ப் பணியாற்றிய சட்ட நிறுவனம் அந்த வாழை நிறுவனத்தின் தொழில்களுக்காக வாதாடியது. அவருடைய தம்பி ஆலன் டல்லஸ் மத்திய உளவு நிறுவனத்தின் தலைவர். இத்தகைய உறவுகளை மட்டும் காரணமாகக் கொள்வது போதாது. அமெரிக்க மக்கள் இதை எவ்வாறு ஏற்றனர் என்பதே முதன்மையான கேள்வி. இங்கேதான் மக்கள் தொடர்புத் துறையின் தந்தை எனப்படும் எட்வர்டு பெர்னேஸின் பணி வருகிறது. நிறுவனத்தின் ஊதியத்தில் இயங்கிய அவர், இதழாளர்களைக் குவாத்தமாலாவுக்கு அழைத்துச் சென்று, நிலத்தகராறு ஒன்றைப் பொதுவுடைமையின் படையெடுப்பாக எழுதவைத்தார். வாழைத்தோட்டத்தைக் காப்பதற்காகப் போரிட அமெரிக்கர் எவரும் ஒப்பமாட்டார். விடுதலையைக் காப்பதற்காக ஒப்புவர். 1954 சூனில் உளவு நிறுவனத்தின் ஆதரவு பெற்ற கிளர்ச்சித் தலைவர் காஸ்தியோ அர்மாஸ் சில நூறு பேர் கொண்ட படையுடன் எல்லை கடந்தபோது, உளவு நிறுவனம் நடத்திய மறைமுக வானொலி தன்னை விடுதலையின் குரல் என்றே அழைத்துக்கொண்டது. நாட்டின் காடுகளுக்குள்ளிருந்து ஒலிபரப்புவதாகச் சொல்லி நாட்டுக்கு வெளியிலிருந்து ஒலிபரப்பியது. சூன் 27 அன்று ஆர்பென்ஸ் பதவி விலகினார். பகிர்ந்தளிக்கப்பட்ட நிலம் உழவர்களிடமிருந்து மீண்டும் பறிக்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமற்போயோ இருக்கலாம் என்று 1999-இல் வெளியான உண்மையறியும் ஆணைய அறிக்கை மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள்.

அடுத்து வந்த தலைமுறையில் குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. ஆட்சிக் கவிழ்ப்புக்கு வேண்டிய செலவையும் அவப்பெயரையும் தவிர்க்கும் இன்னொரு கருவி, அதே காலத்தில் அமைதியாக உருவாகி வந்தது. பன்னாட்டு நிதியத்தில் முதன்மையான முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் 16 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் அதன் ஒப்புதலின்றி அத்தகைய முடிவு எதுவும் நிறைவேறாது. உலக வங்கியின் குடையின்கீழ் 1966-இல் செயல்படத் தொடங்கிய முதலீட்டுத் தகராறுகளுக்கான பன்னாட்டு மையம் இன்னும் நுட்பமானது. அயல்நாட்டு முதலீட்டாளர் ஒருவர், தம் லாபத்தைப் பாதித்ததாகக் கருதும் அரசை, அந்நாட்டின் நீதிமன்றங்களைத் தாண்டி, மூன்று நடுவர்கள் கொண்ட மன்றத்தின் முன் நிறுத்த அது வழிசெய்கிறது. அதன் தீர்ப்புக்கு வழக்கமான மேல்முறையீடு கிடையாது. 1964-இல் டோக்கியோவில் இத்திட்டம் முன்வைக்கப்பட்டபோது லத்தீன் அமெரிக்க நாடுகள் ஒன்றுசேர்ந்து அதை எதிர்த்து வாக்களித்தன. குவாத்தமாலா வீழ்ந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் அந்நாடுகளுக்கு இதன் பொருள் விளங்கியிருந்தது. ஆனால் 1980-களின் கடன் நெருக்கடிக்குப் பின் அவற்றுள் பல அதில் சேர்ந்தன.

பொலிவியாவின் கோச்சபம்பா நகரில் நடந்தது இக்கருவியின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது. உலக வங்கி தனியார்மயத்தை வலியுறுத்திய சூழலில், 1999-இல் நகரின் குடிநீர் வழங்கல் 40 ஆண்டு உரிமமாக, அமெரிக்காவின் பெக்டெல் நிறுவனம் முதன்மைப் பங்கு வகித்த கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏலத்தில் பங்கேற்றது அந்த ஒரே கூட்டமைப்பு. கட்டணம் கடுமையாக உயர்ந்தது. சில வீடுகளில் இரு மடங்கானது. மக்கள் கூடித் தோண்டிய கிணறுகளும் கூட்டுறவு நீர் அமைப்புகளும் புதிய சட்டத்தால் அச்சுறுத்தலுக்கு உள்ளாயின. 2000 சனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த போராட்டத்தில் 17 வயது இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. கூட்டமைப்போ, தன் உரிமைக் கட்டமைப்பை முன்னரே நெதர்லாந்துக்கு மாற்றியிருந்ததால், பொலிவியா-நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி இழப்பீடு கேட்டது. நீர் யாருக்குரியது என்று போராடிய மக்கள் அமைப்புகள் தம்மையும் கேட்க வேண்டும் என்று விண்ணப்பித்தபோது நடுவர் மன்றம் அதை ஏற்கவில்லை. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக 2006-இல் பெயரளவுத் தொகைக்கு வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு பொலிவியா அம்மையத்திலிருந்தே விலகியது.

வணிகத்தை எல்லாம் ஏகாதிபத்தியம் என்று சொல்வது பொறுப்பற்ற பேச்சு என்ற மறுப்பு இவ்விடத்தில் எழுவது இயல்பு. அம்மறுப்பில் நியாயமும் உண்டு. நாடுகள் பொருள்களைப் பரிமாறிக்கொள்வதாலும், அயல்நாட்டு நிறுவனம் ஓர் ஊரில் ஆலை தொடங்குவதாலும் மட்டும் பேரரசு உருவாகிவிடாது. விதியை வகுப்பவர் யார், அதை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு, விதியால் பாதிக்கப்படுபவருக்கு அதை மறுத்துரைக்க இடம் உண்டா என்பவையே அளவுகோல். இந்த அளவுகோலின்படி, உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. 1986-இல் ஃபைசர், ஐபிஎம் உள்ளிட்ட அமெரிக்கப் பெருநிறுவனங்கள் அமைத்த குழுவின் கோரிக்கைகளே அதன் வடிவத்தைப் பெரிதும் தீர்மானித்தன. மருந்தின் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்து மலிவு விலை மருந்துத் தொழிலை வளர்த்த இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வுடன்படிக்கையின் விளைவாக 2005-இல் மாற்றப்பட்டு, மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்தத் திருத்தத்தில், ஏற்கெனவே அறியப்பட்ட மருந்தின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தாலொழியக் காப்புரிமைக்கு உரியதாகாது என்ற பிரிவு 3(டி)-ஐ நாடாளுமன்றம் சேர்த்தது. அதன்மீதான போராட்டத்தின் முதற்களம் சென்னை. இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அப்பிரிவே செல்லாது என்ற அந்நிறுவனத்தின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாகக் காப்புரிமையை மறுத்தது. மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 1.2 லட்சம் விலையுள்ள அம்மருந்தின் உள்நாட்டு வடிவம் ஏறத்தாழ ரூ. 10,000-க்குள் கிடைத்துவந்தது என்பதைக் கருதினால், ஒரு சட்டப்பிரிவின் சில வரிகள் எத்தனை குடும்பங்களின் வாழ்வைத் தாங்கின என்பது புலனாகும். பேரரசின் விதிக்குள்ளேயே நின்று, விதியின் ஓர் இடைவெளியை மக்கள் நலனுக்காகப் பயன்படுத்திய செயல் இது. புற்றுநோயாளர் அமைப்புகளின் விடாமுயற்சி இல்லையேல் இது நடந்திராது.

முதலீட்டு ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, இந்தியா 2011-இல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றிடம் நடுவர் மன்ற வழக்கில் தோற்றபின், 2015-இல் புதிய மாதிரி முதலீட்டு ஒப்பந்தத்தை வகுத்துப் பழைய ஒப்பந்தங்கள் பலவற்றை முடிவுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. அவ்வாறு முடிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் பலவும், முன்னரே செய்யப்பட்ட முதலீடுகளுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து காப்பளிக்கும் விதியைத் தமக்குள் கொண்டவை. இத்தகைய ஒப்பந்தங்களில் கையெழுத்திட இந்திய அரசுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. உபிகோ கையெழுத்திட்ட 99 ஆண்டு ஒப்பந்தத்தைக் குவாத்தமாலாவின் மக்கள் படித்துப் பார்க்க வாய்ப்பிருக்கவில்லை. பின்வந்த தலைமுறைகள் அதற்கு விலை கொடுத்தன. வணிக, முதலீட்டு உடன்படிக்கைகளின் வரைவுகள் கையெழுத்தாகும் முன்பே நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும், அவை தமிழ் உள்ளிட்ட மக்கள் மொழிகளில் வெளியிடப்பட வேண்டும் என்றும் கல்வியாளரும் உழவர், தொழிலாளர், நோயாளர் அமைப்புகளும் இடைவிடாது கேட்க வேண்டும்.